வெளிப்புற வானிலை நிலையம் தவறாகக் காட்டுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

வீட்டு வானிலை நிலையம் நம்ப முடியாத அளவைக் காட்டத் தொடங்கியதும் பலரும் செய்வது இரண்டு காரியம். பேட்டரியைக் கழற்றி மாட்டுவார்கள். அல்லது அமைப்புப் பக்கத்துக்குப் போய் வெப்பநிலையில் இரண்டு டிகிரியைக் கழித்து வைப்பார்கள். இரண்டையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் கடந்த நான்கைந்து நாட்களின் வரைபடத்தைத் திறந்து, தவறு எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். பகலில் மட்டும் வந்தால் வெயிலைச் சந்தேகிக்க வேண்டும். விடியற்காலையில் மட்டும் தொடர்பு அறுந்தால் பேட்டரி. காற்றடிக்கும்போது மட்டும் என்றால் கம்பம். மழைக்கு மறுநாள் தொடங்கினால் எங்கோ நீர் புகுந்திருக்கிறது. கருவியைத் தொடும் முன்பே பாதிக் கோளாறு இப்படிப் பிடிபட்டுவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ரசமட்டம், மென்மையான தூரிகை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மில்லிலிட்டர் குறியிட்ட சிரிஞ்சு அல்லது அளவுக் குவளை, நம்பகமான ஒரு தனித் தெர்மாமீட்டர். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒரு நாளாவது விட்டுப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

வெப்பநிலை பகலில் அதிகம், இரவில் சரி

இது கதிர்வீச்சுக் கவசத்தின் குறை; வெயில் படாமல் காற்று மட்டும் புகும்படி சென்சாரைச் சுற்றியுள்ள தட்டடுக்குதான் அது. சென்சார் அளக்க வேண்டியது காற்றின் வெப்பத்தை. அது அளந்துகொண்டிருப்பது வெயிலில் சூடான பிளாஸ்டிக்கின் வெப்பத்தை. காற்றசைவு இல்லாத, மேகமற்ற நண்பகலில் வித்தியாசம் மிக அதிகமாக இருக்கும். காற்று வீசும் நாளிலும் மேகமூட்டத்திலும் ஏறக்குறைய மறைந்துவிடும். உங்கள் வரைபடம் இப்படி நடந்துகொள்கிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

உறுதி செய்ய எளிய சோதனை உண்டு. ஒரு அட்டையை ஓரிரு மீட்டர் தள்ளிப் பிடித்து, அதன் நிழல் மட்டும் கவசத்தின் மேல் விழச் செய்யுங்கள். காற்றோட்டத்தை மறிக்கக் கூடாது. 15 முதல் 20 நிமிடத்தில் அளவு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கினால் கவசம் போதவில்லை.

முதல் வேலை, தட்டுகளைக் கழுவுவது. தூசு படிந்து மஞ்சளித்த தட்டு வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சும். சென்சாரை வெளியே எடுத்துவிட்டு, மென்மையான சோப்புநீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் பொருத்துங்கள். தட்டுகளுக்கு இடையே சிலந்தி வலையோ குளவிக்கூடோ இருந்தால் காற்றே போகாது, அதையும் பாருங்கள். மழைமானி, காற்றுமானி எல்லாம் ஒரே உடலில் சேர்ந்த வகைகளில் கவசம் சிறியதாகவே இருக்கும். அவற்றில் கழுவியும் தீரவில்லை என்றால், வெப்பநிலைக்கு மட்டும் தனிச் சென்சார் வாங்கிப் பெரிய பல்தட்டுக் கவசத்தில் வைப்பதே நல்ல வழி.

விசிறி வைத்த கவசமா? விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். விசிறி நின்றுபோன கவசம், விசிறியே இல்லாத கவசத்தைவிட மோசமாகக் காட்டக்கூடும். அதன் வடிவமே உள்ளே இழுக்கப்படும் காற்றை நம்பி அமைந்தது.

தினமும் ஒரே நேரத்தில், அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கூரிய ஏற்றம் வருகிறதென்றால் காரணம் வேறு. தாழ்ந்த சூரியன் தட்டுகளுக்கு இடையே நேராகப் புகுகிறது, அல்லது ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி விழுகிறது. சில வாரங்களில் அந்த ஏற்றம் நேரம் மாறி மறைந்துபோகும்; அடுத்த ஆண்டு அதே பருவத்தில் திரும்ப வரும். இடத்தை ஒரு மீட்டர் நகர்த்தினாலே போதும்.

வெப்பநிலை இரவிலும் அதிகம்

சூரியன் மறைந்த பிறகும் அளவு மெதுவாகவே இறங்குகிறது, விடியும்போதுதான் சரிக்கு வருகிறது என்றால், பக்கத்திலுள்ள சுவரோ கான்கிரீட் தளமோ பகலில் சேர்த்த வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி சென்சார் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், புல் போன்ற இயற்கைத் தரைக்கு மேல் இருக்க வேண்டும். மொட்டைமாடித் தளத்துக்கு மேல் வைத்தது மொட்டைமாடியின் வெப்பத்தைத்தான் சொல்லும். ஏசியின் வெளிப்பெட்டி வெப்பக்காற்றைத் தள்ளும் பாதையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஏற்றம் ஏசி ஓடும் நேரத்தோடு படிப்படியாக ஏறி இறங்கும்.

இரவு, பகல், காற்று, மழை எல்லாவற்றிலும் மாறாத ஒரே வித்தியாசம் என்றால் மட்டுமே சென்சாரைச் சந்தேகியுங்கள். மேகமூட்டமான, காற்றுள்ள இரவில் உங்கள் தெர்மாமீட்டரை அதே கவசத்துக்குள் ஒரு மணி நேரம் வைத்து ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசத்தைத் திருத்த எண்ணாகப் பதியலாம். வெயிலால் வரும் பிழைக்குத் திருத்த எண் போட்டால் பகல் அளவு சரியாகி இரவு அளவு கெட்டுப்போகும்.

மழை விட்டதும் சற்று நேரம் குறைவாகக் காட்டுகிறதா? நனைந்த சென்சாரிலிருந்து நீர் ஆவியாகிக் குளிர்விக்கிறது. தட்டுகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டு நீர் உள்ளே வழிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் 99 சதவீதத்தில் நின்றுவிட்டது, அல்லது மிகக் குறைவு

பகலில் மட்டும் ஈரப்பதம் குறைவாகக் காட்டினால் ஈரப்பதச் சென்சார் குற்றவாளி அல்ல. காற்று உண்மையில் 32 டிகிரி, 60 சதவீதம் என்று வையுங்கள். கவசம் சூடாகி உள்ளே 35 டிகிரி ஆனால், அதே காற்று அங்கே சுமார் 51 சதவீதமாகத் தெரியும். சென்சார் பொய் சொல்லவில்லை. தன்னைச் சுற்றியுள்ள சூட்டைச் சொல்கிறது. இதனால்தான் அருகிலுள்ள நிலையத்தோடு ஒப்பிடும்போது ஈரப்பதத்தை விட்டுவிட்டுப் பனிப்புள்ளியை (காற்று குளிரும்போது பனித்துளி உருவாகத் தொடங்கும் வெப்பநிலையை) பார்க்க வேண்டும். பனிப்புள்ளி ஒத்துப்போய் வெப்பநிலை மட்டும் மாறினால் கோளாறு கவசத்தில். பனிப்புள்ளியே மாறினால் கோளாறு ஈரப்பதச் சென்சாரில்.

சென்சாரைச் சோதிக்க உப்பு போதும். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில துளி நீர் விட்டு, ஈரமணல் போலக் குழையுங்கள். உப்பு முழுவதும் கரையக் கூடாது. அதையும் சென்சாரையும் காற்றுப்புகாத டப்பாவில், ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, வெப்பம் மாறாத அறையில் 12 மணி நேரம் விடுங்கள். 25 டிகிரியில் உள்ளே 75 சதவீதம் இருக்கும். மூன்று நான்கு புள்ளி விலகல் சாதாரணம். அதைத் திருத்த எண்ணாகப் பதியலாம். பத்துப் புள்ளிக்கு மேல் விலகினாலோ, டப்பாவைத் திறந்த பிறகும் 99ஐ விட்டு இறங்காவிட்டாலோ சென்சாரை மாற்றுவதுதான் தீர்வு. அதன் மேல் ஆல்கஹாலோ வாசனைத் தெளிப்போ பட விடாதீர்கள்.

மழையே பதிவாகவில்லை

புதிதாக நிறுவியதா? பயணத்தில் ஆடாமலிருக்க, உள்ளேயிருக்கும் சாய்வாளியை (நீர் நிறைந்ததும் சாயும் சிறு வாளி; அதன் சாய்வுகளை எண்ணித்தான் மழையளவு கிடைக்கிறது) ஒரு டேப்போ பிளாஸ்டிக் பட்டையோ போட்டுக் கட்டியிருப்பார்கள். அதை எடுக்காமலே கம்பத்தில் ஏற்றியிருக்கலாம். மிக அடிக்கடி நடப்பது இதுதான்.

பழைய மானி என்றால் புனலைக் கழற்றுங்கள். இலை, பறவை எச்சம், பூச்சி துவாரத்தை அடைத்திருக்கும்; சாய்வாளிக்கும் உடலுக்கும் இடையே ஒற்றைச் சிலந்தி நூல் ஓடினாலும் வாளி சாயாது. சுத்தம் செய்த பின் வாளியைக் கையால் பத்து முறை, மூன்று நான்கு விநாடி இடைவெளியில், மெதுவாகச் சாய்த்துவிடுங்கள். அடுத்த ஒலிபரப்பு வரும்வரை ஒரு நிமிடம் பொறுத்துக் கன்சோலை (வீட்டுக்குள் அளவுகளைக் காட்டும் பெட்டியை) பாருங்கள். ஒரு சாய்வுக்கு 0.2 மி.மீ. என்றால் 2 மி.மீ. ஏறியிருக்க வேண்டும், 0.254 மி.மீ. வகை என்றால் சுமார் 2.5. ஏறியிருந்தால் மின்பகுதி நலம், நீர்தான் வாளிக்கு வரவில்லை. ஏறாவிட்டால் வாளியிலுள்ள காந்தம் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரீட் சுவிட்சில் (காந்தம் அருகே வந்தால் மூடும் சுவிட்சில்) மல்டிமீட்டரை வைத்து, வாளி நடுவைக் கடக்கும்போது சுற்று ஒரு கணம் மூடித் திறக்கிறதா என்று சோதியுங்கள்.

மழை பதிவாகிறது, ஆனால் குறைவு

இதற்குக் காரணம் பல. வரைபடம் இங்கே மிகவும் உதவும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் ஒவ்வொரு சாய்வாகத் தூறல்போல ஏறிக்கொண்டே இருந்தால் புனல் பாதி அடைத்திருக்கிறது. தூறலில் மொத்தம் சரியாக இருந்து பெருமழையில் மட்டும் குறைந்தால், அது சாய்வாளியின் பிறவிக்குறை: வாளி சாயும் அந்தக் கணத்திலும் நீர் விழுந்துகொண்டே இருக்கிறது, அது எண்ணிக்கையில் சேர்வதில்லை.

எல்லா மழையிலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ரசமட்டத்தை எடுங்கள். மானி சாய்ந்திருந்தால் வாளியின் இரு பக்கமும் ஒரே அளவு நீரில் சாயாது. காற்றோடு வரும் மழையில் மட்டும் குறைந்தால் இடம் தவறு. பக்கத்திலுள்ள மரமோ சுவரோ மானியின் விளிம்பைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, குறைந்தது அதன் இரு மடங்கு தொலைவில் மானி இருக்க வேண்டும்; நான்கு மடங்கு கிடைத்தால் மிக நல்லது. உயரமான கம்பத்திலும் கூரை உச்சியிலும் வைத்த மானி வேறு விதமாக ஏமாற்றும்: அங்கே காற்று வேகமாகப் பாய்ந்து துளிகளை வாய்க்கு மேலாகவே அடித்துச் சென்றுவிடும். எல்லாம் ஒரே உடலில் சேர்ந்த நிலையத்தின் பெரிய சங்கடம் இது. காற்றுக்கு உயரம் வேண்டும், மழைக்குத் தாழ்வு வேண்டும். இரண்டையும் ஒரே கம்பத்தில் திருப்திப்படுத்த முடியாது. மழைக்கணக்குதான் முக்கியம் என்றால் தாழ்வாகவே வையுங்கள், காற்றின் அளவில் விட்டுக்கொடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அளவுத்திருத்தம் செய்யலாம். ஒரு சதுர மீட்டரில் விழும் 1 மி.மீ. மழை 1 லிட்டர் நீர். கணக்கு முழுவதும் இதிலிருந்துதான். புனல் வாயின் உள்விட்டத்தை அளந்து பரப்பைக் காணுங்கள். விட்டம் 16 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 201 சதுர செ.மீ.; 10 மி.மீ. மழைக்குச் சமமான நீர் 201 மி.லி. வாய் வட்டமாக இல்லாவிட்டால் கட்டம்போட்ட தாளில் விளிம்பை வரைந்து பரப்பை எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் நீர் விட்டுப் புனலை நனைத்து, வாளியைக் காலி செய்து, கன்சோலின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடியில் ஊசித்துளை போட்ட குவளையில் 201 மி.லி. ஊற்றிப் புனலின் மேல் வையுங்கள். அது சொட்டித் தீர அரை மணி நேரமாவது ஆக வேண்டும். குவளையைக் கவிழ்த்து மொத்தமாக ஊற்றினால் சோதனையே வீண்.

கன்சோல் 9.2 ஏறியதாகக் காட்டினால் பெருக்கு எண் (கன்சோலின் மழையளவைப் பெருக்க வேண்டிய எண்) 10 ÷ 9.2, அதாவது சுமார் 1.09. மூன்று முறை செய்து சராசரியை எடுங்கள். வாளிக்கு அடியில் திருகுகள் உள்ள வகையில், இரண்டையும் ஒரே அளவு மேலேற்றினால் குறைந்த நீரிலேயே வாளி சாயும், அளவு கூடும். பெருக்கு எண் போட வசதியிருந்தால் திருகைத் தொடாமலிருப்பதே மேல். கால் சுற்றுத் திருகிவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும். 0.2 மி.மீ. வித்தியாசத்தைத் துரத்த வேண்டாம். சாயாமல் வாளியில் நின்றுவிட்ட நீரே அவ்வளவு இருக்கும்.

மழையில்லாத நாளில் மழை

பலத்த காற்றோடு சேர்ந்து வந்தால் கம்பம் அதிர்ந்து வாளி தானாகச் சாய்கிறது. இழுவைக் கம்பி கட்டுங்கள், அல்லது மழைமானியைத் தனிக் கம்பத்துக்கு மாற்றுங்கள். விடியற்காலையில் ஒரே ஒரு சாய்வு என்றால் பனித்துளி. கையால் பத்து முறை சாய்த்ததற்குப் பதின்மூன்று என்று ஏறினால் ரீட் சுவிட்ச் துள்ளி இரட்டையாக எண்ணுகிறது. சுவிட்சை மாற்ற வேண்டும். தோட்டத்துத் தெளிப்பானையும் மறந்துவிடாதீர்கள்.

வாளியே இல்லாமல் துளிகளின் மோதலை உணரும் வகையில் அதிர்வு மழையாகத் தெரியும், மென்தூறல் தெரியாமலே போகும். அதில் செய்யக்கூடியது அசையாத கம்பமும் பெருக்கு எண்ணும்தான்.

காற்று எப்போதும் குறைவு

பெரும்பாலும் இது கோளாறே அல்ல. வானிலை மையங்கள் சொல்லும் காற்று, திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. குட்டையான புல்வெளியில்கூட 2 மீட்டர் உயரத்தில் அதன் 70 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வேகம்தான் இருக்கும். வீடுகளுக்கு நடுவே இன்னும் குறையும். தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவு வேண்டும் என்பது விதி. வீட்டுத் தோட்டத்தில் அது நடக்காது, ஆகவே கிடைக்கும் இடங்களில் மிகத் திறந்ததை எடுங்கள். அலகையும் பாருங்கள்: விநாடிக்கு 1 மீட்டர் என்பது மணிக்கு 3.6 கி.மீ.; 1 நாட் என்பது 1.852 கி.மீ.

முன்பு சரியாகக் காட்டி, இப்போது மென்காற்றில் மட்டும் பூஜ்யம் காட்டினால் தாங்கி (பேரிங்) இறுகிவிட்டது. காற்றில்லாத இடத்தில் கிண்ணங்களை விரலால் சுழற்றிவிடுங்கள். மெல்ல மெல்ல ஓய்ந்து நிற்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் உள்ளே தூசு அல்லது சிலந்தி நூல். எண்ணெய் விடாதீர்கள், அது இன்னும் தூசைப் பிடிக்கும். கிண்ணம் நன்றாகச் சுழன்றும் பூஜ்யம் என்றால் கிண்ணத்தை அச்சோடு பிடிக்கும் சின்னத் திருகு தளர்ந்து, கிண்ணம் மட்டும் வழுக்கிச் சுழல்கிறது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 150 கி.மீ. என்று ஒற்றைக் குத்தேற்றம் வந்தால் கேபிள் இணைப்பில் ஈரம் இருக்கலாம். கிண்ணமில்லாமல் ஒலியால் காற்றை அளக்கும் மீயொலி வகையில் துளியோ பறவையோ ஒலிப்பாதையை மறித்திருக்கும்.

காற்றுத்திசை தவறு

ஒரே கோண அளவு விலகல் என்றால் வடக்குக் குறி சரியாக வைக்கப்படவில்லை. திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு. உண்மை வடக்குக்கும் அதற்கும் உள்ள விலகல் இடத்துக்கு இடம் மாறும், சில பகுதிகளில் பத்து டிகிரிக்கும் மேல். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் ஒரு கோபுரத்தையோ தெரு நேர்கோட்டையோ குறிவைத்து அமைப்பது எளிது. சரியாக 180 டிகிரி மாறியிருந்தால் அரைக்கோள அமைப்பைப் பாருங்கள்: சோலார் பலகையைச் சூரியன் பக்கம் திருப்ப, வட அரைக்கோளத்தில் நிலையத்தைத் தெற்கு நோக்கியும் தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியும் வைக்கும் மாதிரிகளில் அமைப்புப் பக்கத்தில் இதற்கென ஒரு தேர்வு இருக்கும். புயலுக்குப் பிறகு விலகினால் கம்பம் கிளாம்புக்குள் திரும்பிவிட்டது. சரியாக வைத்ததும் கம்பத்திலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவையுங்கள். பிறகு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கன்சோலில் வெறும் கோடுகள்

விடியலுக்கு முன் அறுந்து, வெயில் ஏறியதும் வந்துவிடுகிறது என்றால் பகலில் சோலார் பலகை தாங்குகிறது, இரவில் பேட்டரி தாங்கவில்லை. பலகையைத் துடைத்து, பேட்டரியை மாற்றுங்கள். 1.5 வோல்ட் கேட்கும் கருவியில் 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் இதே அறிகுறி வரும். கடும் குளிர் உள்ள இடத்தில் ஆல்கலைன் பேட்டரி சோர்ந்துவிடும். ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் வகை போடுங்கள்.

எந்த நேரத்திலும் விட்டுவிட்டு அறுந்தால் வானொலித் தொடர்பு. கன்சோலை வெளியே எடுத்துவந்து சென்சாரிலிருந்து மூன்று மீட்டரில் வையுங்கள். அங்கே நிலையாக வந்தால் சுவர்தான் தடை. பெட்டியில் போட்டிருக்கும் 100 மீட்டர் என்பது திறந்தவெளிக் கணக்கு. கம்பி கட்டிய கான்கிரீட்டும் தகரக்கூரையும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கன்சோலை ஃபிரிட்ஜ், ரூட்டர், மலிவான எல்இடி விளக்கு ஆகியவற்றிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் நகர்த்தினாலே பல நேரம் சரியாகும். வேறு நாட்டிலிருந்து தனியாக வாங்கிய மாற்றுச் சென்சார் இணையவே இல்லையா? 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு. கன்சோலோடு பொருந்தாவிட்டால் எந்தச் சோதனையும் பயன் தராது.

கன்சோலுக்கு எல்லாம் வருகிறது, இணையத்துக்கு மட்டும் போகவில்லை என்றால் ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தனிப்பெயர் கொடுத்துப் பாருங்கள். இத்தகைய கன்சோல்கள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில் சேராது.

காற்றழுத்தம் பல அலகுகள் குறைவு

கடல்மட்டத்துக்குத் திருத்தாத அளவு அது. கடல்மட்டத்துக்கு அருகே ஏறக்குறைய 8 மீட்டர் உயரத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். 300 மீட்டரில் சுமார் 35 குறையும். காற்றமைதியான நாளில் அருகிலுள்ள விமான நிலையத்தின் கடல்மட்ட அழுத்தத்தைப் பார்த்து, கன்சோலின் சார்பு அழுத்தத்தை (கடல்மட்டத்துக்குத் திருத்திய அளவை) மட்டும் அதற்குச் சமமாக வையுங்கள். வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாளுக்கு இருமுறை, பத்து மணியை ஒட்டி ஏறியும் நான்கு மணியை ஒட்டி இறங்கியும் வரும். அது வளிமண்டலத்தின் இயல்பு, சரிசெய்ய ஒன்றுமில்லை.

மழைக்கு மறுநாள் எல்லாம் குழம்புகிறது

கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு இருக்க வேண்டும். நீர் அங்கே சொட்டிவிடும். பேட்டரி மூடியின் ரப்பர் வளையம் மடங்கியிருக்கிறதா பாருங்கள். பச்சை பூத்த முனையைத் தூரிகையும் ஆல்கஹாலும் கொண்டு தேயுங்கள். கசிந்த ஆல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் படிவுக்கு முதலில் வினிகர் தொட்ட பஞ்சு. பயந்துபோய் எல்லாத் துளையையும் சிலிக்கோன் வைத்து அடைத்துவிடாதீர்கள். அடியிலுள்ள துளைகள் நீர் வடிவதற்காக வைத்தவை. அடைத்தால் உள்ளே வியர்த்து நிற்கும்.

சென்சாரை மாற்றிய பிறகும் தவறு, இப்போது எதிர்ப்பக்கம்

பழைய சென்சாருக்காகப் போட்ட திருத்த எண் கன்சோலில் அப்படியே இருக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றின் திருத்தத்தைப் பூஜ்யமாகவும் மழையின் பெருக்கு எண்ணை 1 ஆகவும் ஆக்கிவிட்டு, புதிய சென்சாரை இரண்டு நாள் ஓட விட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். எந்தத் தேதியில் எந்த எண்ணைப் போட்டீர்கள் என்பதைப் பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிய சீட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது கண்ணில் படும் இடம் அது.